மூன்றாண்டு மருத்துவம்

பெங்களூரின் ஆஸ்டின் டவுன், கண்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழ் பேசும் உழைக்கும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதியாகும், பதிவேட்டில் எஃப். கிட்டல் நகர் என்று பெயர் மாறியபின்னும் ஆட்டோக்காரருக்கும் பேருந்து நடத்துநருக்கும் அது ஆஸ்டின் டவுன்தான். அங்கிருந்து ஓசூர் சாலை வழியே தெற்கு நோக்கிச் சில கிலோமீட்டர் சென்றால் நிமான்ஸ், இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனை, கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் ஆகியவை ஏறக்குறைய அடுத்தடுத்து வருகின்றன. கோரமங்கலா பக்கம் திரும்பினால் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நகரின் எல்லைவரை போனால், பொம்மசந்திராவில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யும் நாராயணா மருத்துவ வளாகமும், அதே வளாகத்தில் நோயாளியின் சொந்த அணுக்களையே மருந்தாக மாற்றும் இம்யூனீல் நிறுவனமும் உள்ளன. குழந்தைப் புற்றுநோய்க்காக முக்கால் நூற்றாண்டில் உலகம் உருவாக்கிய மருத்துவத்தில் பெரும்பகுதி ஒரே சாலையின் இருமருங்கிலும் கிடைக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. அப்படியிருந்தும், அந்தச் சாலையில் வந்து சேரும் எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை என்பதற்கான காரணத்தை மருந்தில் மட்டும் தேடினால் அது பாதிக்குமேல் கண்ணில் படாது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 19 வயது வரையுள்ள குழந்தைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் ஆண்டுதோறும் சுமார் 4 இலட்சம் பேருக்குப் புற்றுநோய் வருகிறது. வசதி படைத்த நாடுகளில் இவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமடைய, ஏழை மற்றும் நடுத்தர வருவாய் நாடுகள் பலவற்றில் அந்த அளவு 30 விழுக்காட்டுக்கும் கீழே நிற்கிறது. இந்தப் பிளவைக் குறைப்பதற்காக அந்நிறுவனம் 2018ஆம் ஆண்டு ஒரு முயற்சியைத் தொடங்கி, 2030ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காட்டுக் குழந்தைகளையாவது காப்பாற்றுவது என்று இலக்கு வைத்தது. அதற்காக முன்னிறுத்தப்பட்ட ஆறு நோய்கள், ஒரு வகை இரத்தப் புற்றுநோய், நிணநீர் மண்டலத்தைத் தாக்கும் இரண்டு புற்றுநோய்கள், விழித்திரைப் புற்றுநோய், சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி, மெதுவாக வளரும் ஒரு வகை மூளைக் கட்டி ஆகியவையாகும். இவை அடிக்கடி வருபவை, உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் குணமாகக்கூடியவை என்பதாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டன. பெரியவர்களின் புற்றுநோயில் புகையிலை, மது, வயது என்று காரணங்களைச் சுட்ட முடிகிறது. குழந்தைகளிடம் அப்படிச் சுட்டுவதற்குப் பெரும்பாலும் எதுவும் இல்லை. ஆகவே ‘கருவுற்றிருந்தபோது என்ன சாப்பிட்டாய்’ என்று தாயை நோக்கி உறவினர் எழுப்பும் கேள்விக்கு மருத்துவத்தில் இடமில்லை.

இரத்தப் புற்றுநோய்களில் குழந்தைகளை அதிகம் தாக்குவது கடும் நிணச்செல் இரத்தப் புற்றுநோய் எனப்படுவது. எலும்பின் உள்ளீடான மஜ்ஜையில் முதிர்ச்சியடையாத வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, சிவப்பணுக்களும் இரத்தம் உறையத் தேவைப்படும் தட்டணுக்களும் உருவாக இடமில்லாமல் செய்துவிடுவதே இந்நோய். 1947ஆம் ஆண்டுவரை இது வந்த குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடும் என்பதே மருத்துவர்களின் அறிவாக இருந்தது. அந்த நிலையை மாற்றிய கதையில் சென்னைக்கும் பம்பாய்க்கும் பங்கு உண்டு. பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களுக்கு வந்த இரத்தசோகையை 1920களின் இறுதியில் ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், ஈஸ்டிலிருந்து செய்யப்படும் ஒரு மலிவான உணவுப் பொருளால் அது குணமாவதைக் கண்டார். அந்தப் பொருளில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் தெரியவந்தது. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்று லெடர்லி ஆய்வகத்தில் பணியாற்றிய எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவினர், ஃபோலிக் அமிலத்தையும், அதைப் போலவே தோற்றம் காட்டி அதன் வேலையைத் தடுக்கும் வேதிப்பொருள்களையும் உருவாக்கினார்கள். செல் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை என்றால், அதைத் தடுக்கும் பொருள் வெறிகொண்டு பெருகும் செல்லை முதலில் பட்டினி போடும் என்று கருதிய பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 குழந்தைகளிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அந்த முடிவு 1948 ஜூனில் வெளிவந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட், இன்றும் உலகெங்கும் இந்நோய்க்கான மருந்துப் பட்டியலில் இடம்பெறுகிறது. கித்வாயில் சிகிச்சை பெறும் குழந்தையின் சீட்டிலும் அந்தப் பெயரைக் காணலாம்.

ஒரு மருந்தால் பின்வாங்கிய நோய் சில மாதங்களில் திரும்பி வந்தது. வெவ்வேறு வழிகளில் தாக்கும் மருந்துகளை ஒன்றுசேர்த்து, நீண்ட காலம் தொடர்ந்து கொடுத்து, மருந்து எளிதில் எட்டாத மூளை மற்றும் தண்டுவடப் பகுதிக்கும் தனியாகச் சிகிச்சை அளித்தால்தான் நோய் வேரோடு போகும் என்பதை, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் குழுவினர் 1960களின் இறுதியில் நிறுவி, பாதிக் குழந்தைகளைக் காப்பாற்றலாம் என்று காட்டினார்கள். அந்த மருந்துக் கூட்டில் முக்கியமான வின்கிரிஸ்டின், தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் ஏற்றுமதிக்காகப் பயிரிடப்படும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டு வாசலில் வைக்கத் தயங்கும் அதே செடிதான்.

இந்தியாவில் இந்த மருத்துவம் வேரூன்றிய விதம் பெரிதும் கவனிக்கத்தக்கது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவை மிக முன்னதாகவே அமைத்தது. 1980களின் நடுவில் அந்த நிலையமும் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த இயன் மெக்ராத்துடன் சேர்ந்து, எம்.சி.பி. 841 என்று பெயரிடப்பட்ட ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றத் தொடங்கின. வெளிநாட்டு முறையை அப்படியே நகலெடுக்காமல், இங்குள்ள இரத்த வங்கியும் தொற்றுநோய்ச் சூழலும் குடும்பத்தின் வருவாயும் தாங்கக்கூடிய அளவில் அது அமைக்கப்பட்டிருந்தது. ஐந்தில் ஒரு குழந்தை பிழைத்தாலே பெரிது என்றிருந்த நிலை மாறி, பிழைப்போர் பாதியை நெருங்கினார்கள். புதிய மருந்து எதுவும் வராமலேயே, ஒழுங்கும் பதிவேடும் தொடர் கண்காணிப்பும் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் அது. அதன் தொடர்ச்சியாகவே பல இந்திய மையங்கள் ஒன்றுகூடி ஐசிக்கிள் என்ற பெயரில் மேற்கொண்ட ஆய்வைக் கருத வேண்டும். பத்தாயிரம் செல்களில் ஒரே ஒரு நோய்ச்செல் எஞ்சியிருந்தாலும் கண்டுபிடிக்கும் பரிசோதனையைக் கொண்டு, யாருக்குக் கடுமையான மருந்து தேவை, யாருக்குக் குறைத்தாலும் போதும் என்று குழந்தைகளைப் பிரித்துச் சிகிச்சை அளிக்கும் முறையை அது பரவலாக்கியிருக்கிறது.

ஆனால் குழந்தை அந்தச் சிகிச்சையின் வாசலுக்கு வந்துசேர வேண்டும். முதல் இழப்பு நேர்வது அங்கேதான். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வெளுத்த முகம், காரணமின்றித் தோன்றும் நீலத் திட்டுகள், ஓடி விளையாடிய பிள்ளை கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்துத் தூக்கச் சொல்லிக் கைநீட்டுவது ஆகிய அறிகுறிகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீடுகளில் சாதாரண நோயாகவே இருக்கும் என்பதால், தெருமுனை மருத்துவரைக் குறைசொல்வது எளிதேயன்றி நியாயமன்று. குறைசொல்ல வேண்டியது, காய்ச்சல் அடங்கவில்லை என்றவுடன் காரணம் தெரியாமலேயே ஸ்டீராய்டு கொடுத்துவிடும் பழக்கத்தை. ஸ்டீராய்டு இரத்தப் புற்றுநோய்க்கான மருந்துகளில் ஒன்று என்பதால் அது நோயைச் சில வாரங்களுக்கு மறைத்துவிடுகிறது. பின்னர் நோய் திரும்ப வெளிப்படும்போது, அதன் உண்மையான வீரியத்தை அளவிட வேண்டிய முதல் பரிசோதனைகள் பயனற்றுப் போகின்றன. கழுத்தில் நெறிகட்டி வந்தால் காசநோய் என்று முடிவுசெய்து, திசுப் பரிசோதனை செய்யாமலேயே மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் இதே வகையைச் சேர்ந்தது.

விழித்திரைப் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதில் கைப்பேசிப் படம்கூட உதவுகிறது. ஃப்ளாஷ் வைத்து எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றொன்று பூனைக்கண் போல வெண்மையாகவும் தெரிந்தால், அந்தக் குழந்தையை அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கட்டி கண்ணுக்குள் அடங்கியிருக்கும்வரை உயிரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் உறுதி. பல சமயம் கண்ணையும் காப்பாற்றலாம். கண் பிதுங்கி வெளியே வந்தபின் கொண்டுவரப்படும் குழந்தைகள் இந்தியாவில் இன்றும் இருக்கிறார்கள். தடுப்பூசி போட வரும் ஒவ்வொரு குழந்தையின் கண்ணிலும் ஒரு நிமிடம் ஒளிபாய்ச்சிப் பார்க்கும் வழக்கம் பரவினால் இந்தத் தாமதத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

நோய் உறுதியானபின் தொடங்கும் சிகிச்சை, கடும் நிணச்செல் இரத்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் நீள்கிறது. முதல் சில மாதங்கள் கடுமையானவை: நரம்பு வழியாக மருந்து, முதுகில் ஊசி, அடிக்கடி மஜ்ஜைப் பரிசோதனை. மருத்துவமனைத் தாழ்வாரங்களில் தமிழோ கன்னடமோ தெலுங்கோ பேசும் எல்லாப் பெற்றோருக்கும் பொதுவான சொல் ‘கவுண்ட்’ என்பதாகும். மருந்தின் விளைவாக நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை 500க்கும் கீழே விழுந்துவிடும் நாட்களில், ‘கவுண்ட் இறங்கிடுச்சு’ என்ற ஒரு தொடரில் அவர்களுடைய அச்சமெல்லாம் அடங்கிவிடுகிறது. அந்நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் என்பது அவசர நிலை; ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக நுண்ணுயிர்க்கொல்லி ஏற வேண்டும். ஆஸ்டின் டவுனில் உள்ள வீட்டில் நள்ளிரவில் வெப்பமானி அந்த எண்ணைக் காட்டினால் ஆட்டோ பிடித்து இருபது நிமிடத்தில் மருத்துவமனையை அடைந்துவிடலாம். தருமபுரி மாவட்டத்து ஊரொன்றில் அதே எண்ணைக் காணும் தாய் விடியற்காலைப் பேருந்துக்குக் காத்திருக்க நேரும். மருந்துக்கு அசையாத நுண்ணுயிர்கள் இந்திய மருத்துவமனைகளில் பெருகியிருப்பதால், புற்றுநோய் வெல்லப்பட்ட குழந்தையும் தொற்றால் இறந்துபோவது இங்கே மேலைநாடுகளைவிட அதிகமாக நிகழ்கிறது.

தட்டணுக்களின் கதை இதைப் போன்றதே. இயல்பாக ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் இருக்க வேண்டிய அவை பத்தாயிரத்துக்கும் கீழே போனால் இரத்தக்கசிவைத் தடுக்க வெளியிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும். சிவப்பணுக்களைக் குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் வைத்திருக்கலாம். தட்டணுக்களை அறை வெப்பத்தில், ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியில் வைத்து, ஏறத்தாழ ஐந்து நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஆகவே சேமித்து வைக்க முடியாத இந்தப் பொருளுக்காகப் புதிய கொடையாளர்கள் வாரந்தோறும் வந்துகொண்டே இருக்க வேண்டும். திருவிழா விடுமுறைகளின்போதும் தேர்வுக் காலத்திலும் கல்லூரி மாணவர்கள் வராமற்போனால் அதன் விளைவு குழந்தைகள் வார்டில்தான் தெரியும்.

கடுமையான கட்டம் முடிந்தபின் வரும் பராமரிப்புச் சிகிச்சை எளிதாகத் தோற்றமளிக்கும். ஆனால் பல குழந்தைகளை இழப்பது அந்தக் கட்டத்தில்தான். நாள்தோறும் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மட்டும் மெத்தோட்ரெக்சேட் என்பதே அதன் சாரம். மெர்காப்டோப்யூரின் பெரும்பாலும் 50 மில்லிகிராம் மாத்திரையாகவே கிடைப்பதால், சிறு குழந்தைக்கு ஒரு நாள் அரையும் மறுநாள் காலும் என்று தாய் உடைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டோ 2.5 மில்லிகிராம் அளவிலான சிறு மாத்திரைகளாக, ஒரே நாளில் ஐந்தாறு விழுங்க வேண்டியது. வாரத்துக்கு ஒருநாள் என்பதைத் தினம் என்று தவறாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. கன்னடத்தில் எழுதிய சீட்டைப் பேச்சுக் கன்னடம் மட்டும் அறிந்த தமிழ்ப் பெண் படிக்க முடியாது என்பதால், ஞாயிறு, திங்கள் என்று கட்டங்கள் போட்டு மாத்திரையின் படத்தை ஒட்டிய அட்டை ஒன்று செய்யும் வேலை பெரிய கருவி ஒன்றின் வேலைக்குக் குறைந்ததல்ல. என்.யு.டி.டி.15 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாறுபாட்டால் சாதாரண அளவு மெர்காப்டோப்யூரினே நஞ்சாகும் குழந்தைகள் ஐரோப்பியரைவிட ஆசியரிடையே, இந்தியர் உட்பட, அதிகம் என்பது கடந்த பத்தாண்டு ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. அதை முன்கூட்டியே சோதித்து அளவைக் குறைக்க முடிவதை அண்மைக்கால முன்னேற்றங்களில் முதன்மையானதாகவே கொள்ளலாம்.

சிகிச்சையைப் பாதியில் கைவிடுதல் என்பது இத்துறையில் தனி ஆய்வுப்பொருளாகவே ஆகிவிட்டது. நான்கு வாரங்களுக்கும் மேலாக வராமற்போவதை அப்படிக் கணக்கிடுகிறார்கள். மருந்துச் செலவை அரசுத் திட்டங்கள் பெருமளவு ஏற்கின்றன: கர்நாடகத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகத் திட்டம் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்வரை அளிக்கிறது, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆயினும் கிருஷ்ணகிரியின் குடும்ப அட்டையுடன் பெங்களூருக்கு வருபவர், தம் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது, எந்த மாநிலத்தின் அட்டை எங்கே செல்லும் என்பதை ஒவ்வொரு சன்னலாக விசாரித்து அறிய வேண்டியிருக்கிறது. அட்டை செல்லுபடியானாலும் அது தராதவை பல: தந்தையின் நாட்கூலி, பேருந்துக் கட்டணம், சாப்பாடு, ஊரில் பாட்டியிடம் விடப்பட்ட மற்றப் பிள்ளைகளின் பள்ளி. கித்வாய் வளாகத்தில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளை கட்டிக்கொடுத்த தர்மசாலையும், மும்பையில் 2006ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னை, வேலூர் உள்ளிட்ட நகரங்களுக்குப் பரவிய செயின்ட் ஜூட் இந்தியா இல்லங்களும் இந்த இடைவெளியை உணர்ந்து பிறந்தவை. தங்க இடமும் சமைக்க ஓர் அடுப்பும் கிடைத்தால் குடும்பம் சிகிச்சையை முடிக்கிறது என்பதை, அவற்றை நடத்துவோர் நன்கறிவார்கள்.

இதைவிடக் கசப்பான ஓர் உண்மையும் உண்டு. டெல்லி, சென்னைப் பதிவேடுகளையும் பெரிய மருத்துவமனைகளின் ஆவணங்களையும் ஆராய்ந்து லான்செட் ஆன்காலஜி இதழில் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சைக்கு வந்துசேரும் குழந்தைகளில் ஆண் பிள்ளைகள் உயிரியல் காரணங்களால் விளக்க முடிந்ததைவிட மிகுதி என்றும், வீடு தொலைவாக ஆக ஆக, செலவு உயர உயர அந்த ஏற்றத்தாழ்வு கூடுகிறது என்றும் காட்டியது. தெற்கில் நிலைமை வடக்கைவிட மேல் என்பது ஆறுதல் தரும் செய்தியாக இருக்கலாம், பெருமைக்குரிய செய்தியன்று. இரத்தப் புற்றுநோய் என்றாலே மூக்கில் இரத்தம் வழிந்து இறுதிக் காட்சியில் இறப்பதுதான் என்று அரை நூற்றாண்டாகக் காட்டிவந்த நம் திரைப்படங்களும், ‘எப்படியும் போகிற உயிருக்கு வீட்டை ஏன் அடமானம் வைக்க வேண்டும்’ என்ற சிந்தனைக்குத் தம் பங்கைச் செலுத்தியிருக்கின்றன.

மறுபுறம் புதிய மருந்துகள் மருத்துவத்தின் உச்சத்தை உயர்த்திக்கொண்டே போகின்றன. நோய்ச்செல்லையும் உடலின் பாதுகாப்புச் செல்லையும் பிணைத்து வைக்கும் பிளினாடுமோமாப் என்ற மருந்தை வழக்கமான கீமோதெரபியுடன் சேர்த்துக் கொடுத்தபோது, மூன்றாண்டு நோயின்றி வாழ்ந்த குழந்தைகள் சுமார் 88 விழுக்காட்டிலிருந்து 96 விழுக்காடாக உயர்ந்ததாக 2024 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. நோயாளியின் வெள்ளணுக்களை எடுத்து மரபணு மாற்றி மீண்டும் செலுத்தும் கார்-டி சிகிச்சைக்கென மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் இந்திய அனுமதி பெற்றது. வெளிநாட்டில் கோடிகளில் விற்கும் இவ்வகைச் சிகிச்சை இங்கே சுமார் 30 முதல் 40 இலட்சம் ரூபாய்க்கு வந்திருக்கிறது. பெங்களூரின் இம்யூனீலும் 2025ஆம் ஆண்டு தன் தயாரிப்பை அறிமுகப்படுத்தியது. ஆனால் முன்னது 15 வயதுக்கு மேற்பட்டோருக்கும் பின்னது பெரியவர்களுக்கும் உரியவை. நாளிதழ்கள் இவற்றுக்குத் தரும் இடத்தில் கால்பங்கையாவது, அடிப்படை மருந்தான அஸ்பராஜினேசுக்குத் தந்திருக்கலாம். இந்தியச் சந்தையிலுள்ள அதன் சில வகைகள் இரத்தத்தில் எட்ட வேண்டிய செயல்திறனை எட்டுவதில்லை என்று ஆய்வுகள் கண்டறிந்திருக்கின்றன. குப்பியில் பெயர் சரியாக இருந்து உள்ளே வீரியம் குறைந்திருப்பதைப் பெற்றோரோ செவிலியரோ அறிய முடியாது. அறிந்து தடுக்க வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு.

குணமாகாத குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வலி தெரியாமல் வைத்திருப்பதும் மருத்துவமே என்ற எண்ணம் இங்கே பரவிவருகிறது. 1994ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெங்களூரு ஹாஸ்பிஸ் அறக்கட்டளையின் கருணாஸ்ரயா, முற்றிய புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றிப் பராமரித்துவருகிறது. மார்ஃபின் என்றால் போதை என்ற அச்சம் சட்டத்தில் 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குறைந்தது. மனத்தில் இன்னும் குறையவில்லை. குழந்தைக்கு என்ன சொல்வது என்ற கேள்விக்குப் பெரும்பாலான குடும்பங்கள் மௌனத்தையே விடையாகக் கொள்கின்றன. பத்து வயதுக் குழந்தைக்குப் பக்கத்துக் கட்டில் ஏன் காலியானது என்பது தெரியும் என்பதைச் செவிலியர்களே பெற்றோருக்கு எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கிறது.

குணமடைந்தவர்களின் கணக்கு வேறொரு பொறுப்பைக் கொண்டுவருகிறது. டாக்ஸோரூபிசின் வகை மருந்துகள் இதயத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் பலவீனப்படுத்தலாம், சிஸ்பிளாட்டின் செவித்திறனைக் குறைக்கலாம், மூளைக்குக் கொடுத்த கதிர்வீச்சு படிப்பையும் உயரத்தையும் பாதிக்கலாம். மும்பை டாட்டா மருத்துவமனை 1991ஆம் ஆண்டே சிகிச்சை முடிந்தவர்களுக்கெனத் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியது. எந்த மருந்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம் ஏறியது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுத்தால், இருபத்தைந்து வயதில் மூச்சிரைப்புடன் வேறு ஊரில் மருத்துவரிடம் செல்லும் அந்த இளைஞருக்கு அது உதவும். பெண்ணின் திருமணப் பேச்சில் தடையாகிவிடும் என்று பழைய கோப்புகளை எரித்துவிடும் பெற்றோருக்கு, அந்தத் தாளின் தேவையைப் புரியவைக்க மருத்துவர் மட்டும் போதாது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, ஓசூர் சாலையில் இன்னொரு பெரிய மருத்துவமனை எழுவதைவிட, அந்தச் சாலை தொடங்கும் ஊர்களில் சிகிச்சையின் ஒரு பகுதி நடப்பதே அதிகக் குழந்தைகளைக் காப்பாற்றும் என்று கருத இடமிருக்கிறது. பராமரிப்புக் கட்டத்தில் தேவைப்படுபவை இரத்த எண்ணிக்கைச் சோதனை, மாதம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, காய்ச்சல் வந்தால் முதல் மணி நேரத்தில் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று கிருஷ்ணகிரியில் இருக்கிறது. அங்குள்ள குழந்தை மருத்துவரும் பெங்களூரிலோ சென்னையிலோ உள்ள புற்றுநோய் மருத்துவரும் ஒரே சிகிச்சை அட்டையைப் பார்த்துத் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் ஏற்பாடு செய்யப்பட்டால், நாட்கூலியை இழந்து மாதம் நான்கு முறை வரும் குடும்பம் ஒருமுறை வந்தால் போதும்; அதற்கு வேண்டியவை இரு மாநில அரசுகளுக்கிடையே ஓர் உடன்பாடும், பயிற்சி பெற்ற இரண்டு செவிலியர்களும், வராத குழந்தையின் வீட்டுக்கு மறுநாளே தொலைபேசியில் அழைக்கும் ஓர் ஊழியரும்.